பதினெட்டு நிறைந்தவர் எனச் சான்றளிக்கிறேன்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டிக்கு என்மேல் எந்த மரியாதையும் கிடையாது. ஆனால் என் பிறந்த தேதிமேல் மிகுந்த மதிப்பு உண்டு. இதைப் போன மே மாத விடுமுறையில்தான் தெரிந்துகொண்டேன்.

பெட்டி என் பேரனுடையது. அவனுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எழுபத்து நான்கு. சேலையூரில் நாற்பத்தாறு படி ஏறிச் சேரவேண்டிய இரண்டாம் மாடி வீட்டில், மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு நாங்கள் இருவர்தான். அவன் விளையாடுவான். நான் நாற்காலியில் அமர்ந்து, கேஸ் அடுப்பை மூடினோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு கடை இருக்கிறது. விளையாட்டுகளை அங்கேயே பார்த்து, அங்கேயே வாங்கி, அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் கிடையாது. ஆளைப் பார்த்து வயதை மதிக்க ஒருவரும் இல்லாததால், ஒவ்வொரு விளையாட்டின் மூலையிலும் ஓர் எண் போட்டிருக்கிறார்கள். ஏழு, பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு. பெட்டி வந்த அன்றே என் மகள் பையனின் உண்மையான பிறந்த தேதியை அதில் பதிந்துவிட்டாள். அதனால் பதினெட்டு போட்ட விளையாட்டுகளின்மேல் சின்னப் பூட்டுப் படம் ஒன்று தொங்கும். ஒரு வரிசைக்குப் பத்து விளையாட்டு என்றால் நான்கில் பூட்டு. எண்ணிப் பார்த்திருக்கிறேன். "பொய் சொல்லி ஏதாவது வாங்கினேன்னு தெரிஞ்சுது, பெட்டியத் தூக்கி யாருக்காவது குடுத்துடுவேன்" என்று அன்றே மகள் சொல்லியும் வைத்தாள்.

ஒரு மத்தியானம் அவன் விளையாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"தாத்தா, உங்க டேட் ஆஃப் பர்த் என்ன? ஸ்கூல் ஃபார்ம்ல கேட்டிருக்காங்க."

வங்கியும் டாக்டரும் தவிர வேறு யாரும் என் பிறந்த தேதியைக் கேட்பதில்லை. மகிழ்ச்சியோடு சொன்னேன். நான் பிறந்தது வியாழக்கிழமை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சற்று நேரத்தில் என் செல்போன் முனகியது. "அதுல ஒரு நம்பர் வந்திருக்கும் தாத்தா, சொல்லுங்க" என்றான். ஆறு இலக்கம். தவறு நேரக்கூடாதே என்று இரண்டு முறை வாசித்தேன்.

பள்ளிக்கூடப் படிவத்தை யாரும் தொலைக்காட்சியில் நிரப்ப மாட்டார்கள். திரையில் வருடங்கள் சக்கரம் மாதிரி பின்னோக்கி ஓடின. அவன் பிறந்த வருடத்தைத் தாண்டி நான் பிறந்த வருடத்துக்குப் போக அறுபத்தொரு படி. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் திரையில் ஒரு வாக்கியமும் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் வந்தன. தனக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது என்று உறுதி கூறும் வாக்கியம். பேரன் கட்டத்தில் குறி போட்டான். மாமா பிறந்தநாளுக்குக் கொடுத்த கிஃப்ட் கார்டின் எண்ணைத் தட்டினான். பூட்டு மறைந்தது.

நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. அதே வாக்கியத்தைப் பதின்மூன்று வயதில் நானும் எழுதியிருக்கிறேன். நான் கட்டத்தில் குறி போடவில்லை. மையைத் தொட்டு, முத்திரை வைத்து எழுதினேன்.

என் அப்பா கிழக்குத் தாம்பரத்தில் மிஷன் நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர். அந்தக் காலத்தில் பெற்றோர் பலருக்குப் பிள்ளை பிறந்த தேதி தெரியாது. 'பெரும்புயலுக்கு அடுத்த ஆடி' என்பார்கள். எந்தப் புயல் என்று கேட்டால் கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொள்வார்கள். அப்பா இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார். வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதில் பட்டால் ஐந்து வயது நிறைந்தாயிற்று. படாவிட்டால் அடுத்த வருடம் வரவேண்டும். பட்டவர்களுக்கெல்லாம் சேர்க்கைப் பதிவேட்டில் ஜூன் முதல் தேதி பிறந்ததாக எழுதுவார். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் இருபத்தொருவர் ஒரே நாளில் பிறந்திருந்தார்கள். எனக்கு உண்மையான தேதி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அப்படி எழுதிய வயதை அப்பா பிறகு மாற்றவே மாட்டார். வேலைக்காக வயதைக் குறைக்கச் சொல்லி வருவார்கள், கல்யாணத்துக்காகக் கூட்டச் சொல்லி வருவார்கள். எல்லோருக்கும் காபி கிடைக்கும். திருத்தம் கிடைக்காது.

அப்படி வந்தவர்களில் அனகாபுத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். தறி நெய்யும் குடும்பம். அப்பாவிடம் படித்தவர். ரயில்வே பணிமனையில் கலாசி எனப்படும் உதவியாள் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வயது வரம்பை அவர் நான்கு மாதம் தாண்டியிருந்தார், அதாவது பதிவேட்டின்படி. அவர் சொன்ன நியாயத்தை அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"சார், எனுக்குக் கை நீளம் சார். பாருங்க. முட்டி வரிக்கும் வர்து. நாலு வயசுலயே காதத் தொட்டுட்டேன். தொட்டது என் தப்பா சார்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா சிரிக்கவில்லை. "பதிவேட்டுல ஏறினது ஏறினதுதாம்பா. உனக்கு மாத்தினா நாளைக்கு ஊருக்கே மாத்தணும்" என்றார். அவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே பதில். மூன்றாவது முறை அவர் காபியைக் குடிக்காமல் போனார். கலாசி வேலை கிடைக்காத அவர், சந்தைக்குப் பக்கத்துச் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நீளக் கை அதற்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு மேல்நாட்டுப் பேய்ப் படம் வந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சுவரொட்டி. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண், அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கை. அடியில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் எனக்கு அந்தப் படம் தேவைப்பட்டிருக்குமா என்று இப்போதும் சந்தேகம்தான்.

என் வகுப்பில் இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருவன் அண்ணனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனான். இன்னொருவன் அடுப்புக்கரியால் மீசை வரைந்துகொண்டு போனான். எனக்கு அதெல்லாம் கோமாளித்தனமாகப் பட்டது. வயது பற்றிய கேள்விக்கு மீசை எப்படிப் பதிலாகும்? வயதுக்குப் பதில் சான்றிதழ்தான். தலைமை ஆசிரியரின் மகனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது.

பள்ளி முத்திரையைச் சனிக்கிழமைகளில் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார், மீதி வேலைகளை முடிப்பதற்காக. அவர் குளிக்கப் போனதும் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்று, ஊதா மைப்பெட்டி, முத்திரை. அப்பாவின் கையெழுத்தைச் சிலேட்டில் பதினான்கு முறை போட்டுப் பழகி அழித்துவிட்டேன். வாசகம் எனக்கு மனப்பாடம். 'மேற்கண்ட தேதியில் பிறந்த இவர் இன்றைய தேதியில் பதினெட்டு வயது நிறைந்தவர் எனச் சான்றளிக்கிறேன்.' பிறந்த நாளையும் மாதத்தையும் உள்ளபடியே எழுதினேன். வருடத்தில் மட்டும் ஐந்தைக் கழித்தேன். முடிந்தவரை உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன், அன்று எனக்கு அது நேர்மையாகவே தோன்றியது.

பகல் காட்சிக்குப் போனேன். வாசலில் அனகாபுத்தூர்க்காரர் நின்றிருந்தார். அவர் அங்கே வேலை செய்வது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். தெரிந்தவர் என்பதால் முத்திரையை மதிப்பார் என்பது என் கணக்கு.

டிக்கெட்டோடு சான்றிதழையும் நீட்டினேன்.

"இன்னா தம்பி இது?"

"வயசுச் சர்ட்டிபிகேட்."

"சினிமாவுக்கா?" பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "தோ பார்றா, சர்ட்டிபிகேட்டோட வந்துகீறாரு தொர" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "பதினெட்டா? மீசைய வூட்லயே வச்சுட்டு வன்ட்டியா?"

சொல்லிக்கொண்டே தாளைப் பிரித்தார். வாசித்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. முத்திரையின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"சார் போட்டுக் குட்த்தாரா?"

தலையாட்டினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருப்பேன். வாயைத் திறக்காமல் சொன்ன அதுதான் பெரியது.

"எனுக்கு நாலு மாசம் கொறைக்க மனசு வர்ல" என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "புள்ளைக்கு அஞ்சு வருசம் சொளையாத் தூக்கிக் குட்த்துகீறாரு." பிறகு டிக்கெட்டைக் கிழித்து என் பாதியைக் கையில் வைத்தார். "போ. கடைசி பெஞ்சுல குந்து. பயந்துகினு கத்தாத."

சான்றிதழைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

படம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பேயின் கை மூன்று முறை வந்தது. மூன்று முறையும் கண்ணை மூடிக்கொண்டேன். மற்ற நேரத்தில் மின்விசிறிகளை எண்ணினேன். ஆறு. அவற்றில் இரண்டு ஓடவில்லை. இடைவேளையில் வெளியே எட்டிப் பார்த்தேன். அனகாபுத்தூர்க்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். மிகவும் நன்றாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"காபி வேணா சார்" என்றார் வந்தவர். உட்காரவும் இல்லை. மடித்த தாளை மேசைமேல் வைத்தார். "தம்பிக்குக் குட்த்த மாதிரி எனுக்கும் ஒண்ணு குடுங்க சார். அஞ்சு வருசம் வேணா. நாலே நாலு மாசம். ஒர்க்ஷாப்ல இன்னும் ஆள் எடுத்துகினுதான் கீறாங்க."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். என் பென்சில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா ஒரு முறை வாசித்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை வாசித்தார். அதன் பிறகும் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார். "நான்தான் எழுதினேன்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"அவசரத்துல வருஷத்தத் தப்பாப் போட்டிருக்கேன் போல."

"தப்பாவே இருக்கட்டும் சார்" என்றார் அவர். "அந்த மாதிரி ஒரு தப்ப எனுக்கும் செஞ்சு குடுங்க. கைய எடுத்துக் கும்புடறேன்."

அந்த நீளக் கைகள் இரண்டும் குவிந்து நின்றன. அப்பா தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். வா, போகலாம் என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவரோடு தெருவில் இறங்கி நடந்தார். திரும்பி வர இருபது நிமிடமாயிற்று.

அந்த இருபது நிமிடமும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அப்பா நாள் முழுவதும் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போடுகிறவர். எதில் போட்டோம், எதில் போடவில்லை என்று அவருக்கே மறந்துவிட்டது, என் கையெழுத்தைத் தன்னுடையதென்று நம்பிவிட்டார், அப்படி அச்சாக அமைந்துவிட்டது என்று நினைத்தேன். பதினான்கு முறை பழகியது வீண்போகவில்லை என்று நினைத்தேன். இதற்குமேல் வெட்கப்பட என் நினைவில் வேறொன்றும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா சேர்க்கைப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதை அவர் அப்படிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு, சிவப்பு மைக்கூட்டை எடுத்து வரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். மூடி இறுகியிருந்ததால் நானே திருகித் திறந்து கொடுத்தேன். அப்பா பழைய பக்கம் ஒன்றில் ஒரு வரியை அடித்து, மேலே வேறு தேதி எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். ஒரு தேதி எழுத அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். மை காயும்வரை புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லையேடா?" என்றார்.

"இல்லப்பா" என்றேன். வீட்டுப்பாடத்தைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அப்படிக் கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. நான் புத்தகங்களை அடுக்கிவைத்ததும் பக்கத்தில் வந்து நிற்பார். வேற ஒண்ணும் இல்லையேடா என்பார். இல்லப்பா என்பேன். சற்று நின்றுவிட்டுப் போய்விடுவார். நான் மேல்வகுப்புக்குப் போனேன், கல்லூரிக்குப் போனேன். கேட்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. எத்தனை முறை கேட்டிருப்பார் என்று தெரியாது. எண்ணும் பழக்கம் உள்ளவன், அதை எண்ணவில்லை.

மறு வருடம் கல்வித்துறை ஆய்வாளர் வந்தபோது பதிவேட்டில் அந்தச் சிவப்புத் திருத்தத்தைப் பார்த்தார். மேலதிகாரியின் உத்தரவு எங்கே என்று கேட்டார். உத்தரவு இல்லை, நானாகத் திருத்தினேன் என்று அப்பா சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியர் பதவி போயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இன்னொரு மிஷன் பள்ளிக்குச் சாதாரண ஆசிரியராக அனுப்பினார்கள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மாற்றல் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அப்பாவுக்கு ரயிலில் போகச் சீசன் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று தெருப் பையன்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். விடுமுறையில் ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணிக்கொண்டு போனேன். அங்கே அவருடைய மேசைக்கு இழுப்பறை இல்லை. முத்திரை எங்கேப்பா என்று கேட்டேன். அது இங்கே வேண்டியதில்லை என்றார்.

எனக்கு முப்பத்தெட்டு வயதாகும்போது அப்பா இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களில் காக்கிச் சட்டையோடு ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பணிமனையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"தம்பி, சார் உங்கையில எப்பனா சொன்னாரா?" என்றார்.

எதை என்று கேட்டேன்.

"அப்ப சொல்லல." என் பக்கம் நெருங்கி வந்தார். "அன்னிக்கு எங்கூடத் தெருமுன வரிக்கும் வந்தாரு. 'அது நான் போட்ட கையெழுத்து இல்லப்பா, பையன் போட்டது'ன்னாரு. எனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்ப எனுக்கு ஒண்ணும் வேணா சார், நான் கேட்டதே தப்புன்னேன். 'இல்ல, என் முத்திரையோட ஒரு பொய் வெளிய போயிடுச்சு. இனிமே உன்கிட்ட மட்டும் சட்டம் பேச எனக்கு வாயில்ல. நாளைக்கு வா'ன்னுட்டாரு."

அவரே தொடர்ந்தார்.

"பையனக் கண்டிங்க சார்னேன். 'வேணாம், அவனா வந்து சொல்லட்டும். சொல்வான்'னாரு." அவர் என் முகத்தைப் பார்த்தார். "சொன்னீங்களா தம்பி?"

கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் மண்வெட்டியோடு காத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் நடந்தேன். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.

பேரன் விளையாட்டு வாங்கிய விஷயம் நான்கே நாளில் வெளியே வந்துவிட்டது. வாங்கியதற்கு நன்றி சொல்லி அந்தக் கடையே எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. என் எண்ணுக்கு வரும் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டுவதற்காக மகள் என் செல்போனை எடுத்தவள், அதைப் பார்த்துவிட்டாள். கையில் துப்பாக்கியும் முகத்தில் இரத்தமுமாக ஒரு சிப்பாய் படம். அதன் மூலையில் பதினெட்டு.

"அப்பா, இது என்னப்பா? உங்க பேர்ல அக்கவுண்ட் இருக்கு, உங்க பர்த்டே இருக்கு. யார் வாங்கினது இத?"

பேரன் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தயிர்சாதம் எடுத்த கை பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் நானும் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"நான்தாம்மா" என்றேன். "ஏதோ வந்துது. அழுத்திட்டேன்."

"பேரு, பர்த்டே, ஓடிபி எல்லாம் போட்டு அழுத்தினீங்களா?"

"ஆமா போலிருக்கு."

"போலிருக்கா?"

கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது கோபமில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்பல்லாம் அடிக்கடி இப்படி ஆகுதாப்பா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். கடையில் என் பேரில் இருந்த அந்தக் கணக்கை அழித்துவிட்டாள். விளையாட்டும் போயிற்று. பெட்டி தப்பியது.

மறு வாரம் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று தொடங்கி, போதும் போதும் என்று அவர் சொல்லியும் நிறுத்தாமல் இரண்டு வரை வந்துவிட்டேன். டாக்டர் என் மகளைப் பார்த்தார். மகளுக்கு ஆறுதல் வரவில்லை. என் செல்போனுக்கு வரும் எண்களெல்லாம் இப்போது அவள் செல்போனுக்குப் போகின்றன. கேஸ் அடுப்பை மூடினேனா என்று வேலை நேரத்தில் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்கிறாள். இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடமாக அந்தக் கவலையைத் தனியாகப் பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பங்குக்கு ஆள் வந்துவிட்டது.

செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் போட்ட பூட்டை என் பிறந்த தேதி திறந்தபோது எண்ணிக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு அவளிடமே பொய் சொன்னேன். அப்பா மாதிரி நடந்துகொண்டதாக ஒரு மத்தியானம் நினைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. முத்திரை திருடுபோகும்போது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேரன் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நண்பனோடு பேசியபடி விளையாடிக்கொண்டிருந்தான். ஹெட்செட் போட்டவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறதென்று தெரிவதில்லை.

"இல்ல மச்சான், மாட்டல. எங்க தாத்தாவுக்கு எதுவும் ஞாபகம் இல்லடா. அவரே வாங்கினதா நெனச்சுக்கிட்டாரு. செம லக்."

நான் செய்தித்தாளைப் புரட்டினேன். அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் குரலில் இருந்த அந்த மகிழ்ச்சியை நான் நன்றாக அறிவேன். கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஆனதுபோல உண்மை தெரிய இருபத்தைந்து வருடம் ஆகுமென்றால், அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு, எனக்குத் தொண்ணூற்றொன்பது.

நேற்றுச் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றான். சாதாரணமாக ஓடிவந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன், நின்றான்.

"தாத்தா."

கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். "என்னப்பா?"

"உங்க சார்ஜர் வேணும். என்னுது காணோம்."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"வேற ஒண்ணும் இல்லையேடா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா" என்றான்.